தண்ணீர் கீழே போனால் தரை நிற்குமா?

இஷாத் தொழுகைக்குப் பின் 'தபாரக்க' சூராவை ஓதிவிட்டுப் படுக்கைக்குச் செல்லும் வழக்கம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. முப்பது ஆயத்துகள் கொண்ட அந்தச் சூரா கப்ருடைய வேதனையைத் தடுக்கும் என்று ஹதீஸில் வந்திருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள்கூட அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நாமும் ஓதுகிறோம். நாக்கு பழகிவிட்டதால் எங்கே தொடங்கினோம், எங்கே முடித்தோம் என்பதுகூடத் தெரியாமல் ஓதிவிடுகிறோம். அதன் நடுவிலும் கடைசியிலும் அல்லாஹுத் தஆலா நம்மைப் பார்த்துக் கேட்கும் இரண்டு கேள்விகளை எத்தனை இரவுகளில் நின்று கேட்டிருப்போம்?

பதினைந்தாம் ஆயத்தில் பூமியை நமக்கு வசப்படுத்தித் தந்ததைச் சொல்கிறான். அங்கே 'தலூல்' என்ற சொல் வருகிறது. முரண்டு பிடிக்காமல் முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும் பழகிய ஒட்டகத்தை அரபிகள் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த ஆயத்திலேயே, அந்தப் பூமி உங்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளாது என்று அவ்வளவு அச்சமற்று இருக்கிறீர்களா என்ற கருத்தில் கேட்கிறான். சூராவின் முப்பதாவது ஆயத்தான கடைசி ஆயத்திலோ, உங்கள் தண்ணீர் பூமியின் ஆழத்துக்குப் போய்விட்டால் ஓடும் நீரைக் கொண்டுவந்து தருபவன் யார் என்று கேட்டு முடிக்கிறான். நிலம் ஒரு கேள்வி, நீர் ஒரு கேள்வி. இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இம்மாதம் சில வார்த்தைகள் எழுத முற்பட்டோம்.

எழுதத் தூண்டிய சம்பவம் நேயர்களுக்கு நினைவிருக்கும். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா என்னும் கடைத்தெரு. தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளியின் பெயரையே தாங்கி நிற்கும் தெரு அது. நம் ஊர்களிலிருந்து பிழைக்கப் போனவர்களின் காலடி படாத கல் அங்கே இல்லை. இந்தியாவிலிருந்து சுற்றுலா சென்றிருந்த ஒரு பெண்மணி குடும்பத்தாருடன் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று காலுக்குக் கீழே தரை உள்வாங்கியது. சுமார் எட்டு மீட்டர் ஆழப் பள்ளம். ஒன்பது நாட்கள் தேடினார்கள், அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்களுக்குள்ளும் இறங்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே சில பத்து மீட்டர் தள்ளி இன்னொரு பள்ளமும் விழுந்தது.

இந்தச் செய்தி வந்த வாரம், தொழுகை முடிந்து பள்ளி வராந்தாவில் அமர்ந்திருந்தபோது ஒரு பெரியவர், "இதெல்லாம் அதாபு. காரூனைப் பூமி விழுங்கியது போலத்தான்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நமக்கு மனம் கேட்கவில்லை.

காரூனைப் பூமி விழுங்கியது உண்மை. கஸஸ் சூராவில் அல்லாஹ்வே அதை விவரித்திருக்கிறான். மூஸா (அலை) அவர்களின் சமூகத்தில் பிறந்து, சாவிகளைத் தூக்கவே ஒரு கூட்டம் தேவைப்பட்ட அளவுக்குச் செல்வம் பெற்று, இதெல்லாம் என் அறிவினால் வந்தது என்று மார்தட்டியவன் அவன். ஆனால் அது தண்டனை என்று நமக்குச் சொன்னது யார்? படைத்தவன் சொன்னான். கோலாலம்பூரில் விழுந்த அபலையைப் பற்றி நமக்கு எந்த வஹீ வந்தது? மாறாக, இடிபாட்டில் சிக்கி இறப்பவரை ஷஹீதுகளின் வரிசையில் வைத்து எண்ணிய பெருமானார் (ஸல்) அவர்களின் சொல் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு முஃமினின் வீட்டுச் சுவர் சரிந்தால் ஷஹீத் என்றும், பிறர் வீட்டுத் தரை சரிந்தால் அதாபு என்றும் தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது? பிறருடைய துன்பத்தைக் கண்டால் நாவை அடக்கிக்கொள்வதும் மார்க்கம்தான்.

2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒருவர் தம் வீட்டுப் படுக்கையறையில் உறங்கிக்கொண்டிருந்தபோதே தரை பிளந்து கட்டிலோடு உள்ளே போனார். அவருடைய உடலும் கிடைக்கவில்லை. அதே அறைக்குள் ஓடிவந்து மண்ணில் குதித்துத் தேடியவர் அவருடைய உடன்பிறந்தவர். அந்தச் சகோதரருக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்? அதாபு என்றா?

அப்படியானால் பூமி ஏன் உள்வாங்குகிறது? இதை அறிந்துகொள்வது ஈமானுக்குக் குறைவல்ல. காரணங்களைப் படைத்தவனும் அவனே.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு இலேசான புளிப்புத்தன்மை அடைகிறது. நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அந்த நீர் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உள்ளே குகைகளும் பொந்துகளும் உண்டாகின்றன. கோலாலம்பூரின் பல பகுதிகளும் ஃப்ளோரிடாவும் இத்தகைய பாறைமீது அமர்ந்தவைதான். குழி இருந்தால் மட்டும் மேல்தரை விழுந்துவிடாது. பொந்துக்குள் நிறைந்திருக்கும் தண்ணீர் மேற்கூரையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் தாங்கல் போய்விடும். மண் உள்ளே உதிரத் தொடங்கும். மேலே கதிர் அசைந்துகொண்டுதான் இருக்கும். மாடு மேய்ந்துகொண்டுதான் இருக்கும். ஒருநாள் கூரை போதிய கனம் இல்லாமல் மெலிந்து, சப்தத்தோடு இறங்கிவிடும். நகரங்களில் உடைந்த குழாயிலிருந்து கசியும் நீர் மண்ணை அரித்தும் இதே வேலையைச் செய்யும்.

ஆக, தண்ணீர் இறங்கினால் தரை இறங்கும். சூராவின் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நாம் காணும் ஊர் கொன்யா.

கொன்யா என்றதும் நம்மவர்களுக்கு மவ்லானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் நினைவுக்கு வருவார்கள். 1273இல் மறைந்த அம்மகான் அடங்கியிருக்கும் ஊர். ஸல்ஜூக்கிய சுல்தான்களின் தலைநகர். துருக்கியின் நடுவே உயர்ந்த சமவெளியில், கோதுமைக் களஞ்சியம் என்று பெயர் பெற்ற பூமி. அந்தச் சமவெளியில் விழும் மழைக்குக் கடலுக்குப் போக வழியில்லை. ஏரிகளிலும் நிலத்தடியிலும் தங்கியாக வேண்டும். மழையும் தாராளமில்லை, ஆண்டுக்கு முந்நூறு மில்லிமீட்டர் அளவுதான். கிழக்கே கராபினார் என்றொரு வட்டம் இருக்கிறது. துருக்கி மொழியில் அந்தப் பெயருக்குக் கருஞ்சுனை என்று பொருள். சுனையின் பெயரால் அமைந்த ஊர்! பின்னாளில் சுல்தானான இரண்டாம் ஸலீம், பிரயாணிகளுக்காகவும் குடியேறுபவர்களுக்காகவும் அங்கே பள்ளிவாசலும் சத்திரமும் கட்டி வைத்தார். அது பதினாறாம் நூற்றாண்டில்.

இந்த ஊர் பட்ட சோதனை ஒன்றல்ல. 1950களில் மேய்ச்சல் மிகுந்து புல்வேர் அறுந்து, மணற்புயல் அடித்து, ஊரையே காலி செய்துவிடலாமா என்று பேசப்பட்டது. 1962 முதல் வேலி கட்டி, புல்லும் மரமும் வளர்த்து, பெரும் முயற்சியெடுத்து மணலை அடக்கினார்கள். பாராட்டத்தக்க வேலை. மேல்மண்ணை இப்படிக் காப்பாற்றியவர்கள் அடிநீரை மறந்தார்கள் என்பதுதான் வேதனை.

மானாவாரிக் கோதுமையும் ஆட்டு மந்தையும் அந்த மழைக்கு ஏற்றவை. அதை விட்டுச் சர்க்கரைக் கிழங்கு, மக்காச்சோளம், குதிரைமசால் என்று கோடைகாலத்தில் தண்ணீர் குடிக்கும் பயிர்களுக்குப் போனார்கள். ஆற்றுநீர் இல்லை, எனவே ஆழ்குழாய்க் கிணறு. அனுமதி பெற்றவை பல ஆயிரம் என்றால், அனுமதியின்றித் தோண்டியவை அவற்றைவிடப் பன்மடங்கு. மழை கொடுப்பதைவிட மோட்டார் எடுப்பது அதிகமாயிற்று. நீர்மட்டம் இறங்க இறங்க, குழாயையும் இறக்கினார்கள்.

அங்கே பூமி உள்வாங்கிய பள்ளத்துக்கு 'ஒப்ருக்' என்று பெயர். பழைய ஒப்ருக்குகளும் உண்டு. கிஸோரன் என்ற இடத்தில் இருநூறு மீட்டருக்கு மேல் அகலமான ஒரு பள்ளம் ஏரியாகவே நிற்கிறது; அதன் ஓரத்திலேயே ஸல்ஜூக்கியர் காலத்துச் சத்திரம் ஒன்றும் இருக்கிறது. ஒட்டகக் கூட்டத்தார் அங்கே இறங்கி நீர் அருந்திச் சென்றிருப்பார்கள். அன்று பல நூறு ஆண்டுகளில் ஒன்றிரண்டு விழுந்தன. இன்றைய நிலை வேறு. அங்குள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் கணக்குப்படி 2020இல் 360 பள்ளங்கள். 2021இல் சுமார் 600. சில ஆள் உயரம். சில பல பத்து மீட்டர் ஆழம், ஒரு வீட்டு மனையையே விழுங்கும் அகலம். இரவு பாசனம் பார்க்கப் போகும் விவசாயி எந்த இடத்தில் கால் வைப்பதென்று தெரியாமல் கைவிளக்கை முன்னே நீட்டிக்கொண்டு நடக்கிறார். ஒருவருடைய நிலத்திலேயே இரண்டாவது பள்ளமும் விழுந்தால் அந்த நிலத்தை வாங்குவார் யார்? உழுவதற்கு டிராக்டரை இறக்குவார் யார்? அருகிலிருந்த மெக்கே எரிமலை ஏரி, உலகின் திருஷ்டிமணி என்று துருக்கியர் செல்லமாக அழைத்தது, வற்றிப்போய் உப்புத்தரையாகக் கிடக்கிறது.

அங்குள்ள விவசாயியைப் பேராசைக்காரன் என்று எளிதில் சொல்லிவிடலாம். நாம் சொல்லமாட்டோம். விதைக்கும் உரத்துக்கும் கடன், மின்சாரக் கட்டணம், பக்கத்து நிலக்காரன் ஆழமாகத் தோண்டியதால் வற்றிப்போன தன் கிணறு. அவனும் ஆழமாகத் தோண்டாவிட்டால் இந்த வருடப் பயிர் கருகிவிடும். ஒவ்வொருவனும் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் தோண்டுகிறான். அத்தனை பேருமாகச் சேர்ந்து தங்கள் காலடித் தரையைத் தோண்டிவிடுகிறார்கள்.

ஜலாலைன் தஃப்ஸீரை ஓதியவர்களுக்குத் தபாரக்க சூராவின் கடைசி ஆயத்தின் கீழ் வரும் ஒரு செய்தி தெரிந்திருக்கும். ஓடும் நீரைக் கொண்டுவருபவன் யார் என்ற ஆயத்து ஓர் ஆணவக்காரன் முன்னிலையில் ஓதப்பட்டதாம். அவன், "கோடரியும் கடப்பாரையும் கொண்டுவந்து தரும்" என்றானாம். அவன் கண்ணில் இருந்த நீர் வற்றி அவன் குருடனானான் என்று எழுதியிருக்கிறார்கள். மதரஸாவில் இதை ஓதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். கோடரி போய்த் துளையிடும் லாரி வந்திருக்கிறது. பதில் மட்டும் மாறவில்லை. நூறு அடியில் இல்லையென்றால் ஐந்நூறு, ஐந்நூறில் இல்லையென்றால் ஆயிரம் என்று நாமும் அதே வார்த்தையைத்தான் மோட்டார் சப்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னோர் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். அரபிகள் பஹ்ரு லூத் என்று அழைக்கும் சாக்கடல். லூத் (அலை) அவர்களின் சமூகத்தார் அழிந்த பகுதி அதன் கரை என்று முன்னோர்கள் பலர் சொல்லி வந்திருக்கிறார்கள். 1980கள் முதல் அதன் இரு கரைகளிலும் ஆயிரக்கணக்கான பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. பேரீச்சந்தோப்பு, கடற்கரை விடுதி, நெடுஞ்சாலையின் ஒரு துண்டு என மேற்குக் கரையில் மூடப்பட்டவை பல. கிழக்கே ஜோர்தானில் கவ்ருல் ஹதீஸா என்ற ஊரில் காய்கறித் தோட்டங்களைக் கைவிட்டுப் போனவர்கள் ஏழைகள். இதைப் பார்த்ததும் பழைய அதாபு தொடர்கிறது என்று சொல்ல நாக்குத் துடிக்கும். ஆனால் நடந்தது என்ன? சாக்கடலுக்கு வரவேண்டிய ஜோர்தான் ஆற்று நீரை மேலேயே திருப்பிக்கொண்டார்கள். தபரிய்யா ஏரியிலிருந்து 1964இல் இஸ்ரேல் பெருங்குழாய் வைத்துத் தெற்கே கொண்டுபோயிற்று. யர்மூக் நதியை ஸிரியாவும் ஜோர்தானும் அணைகட்டிப் பயன்படுத்தின. போதாக்குறைக்குச் சாக்கடலின் நீரையே பாத்திகட்டிக் காயவைத்து உப்புச் சத்துகளை எடுக்கும் ஆலைகள். இப்போது கடல் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. கடல் பின்வாங்கிய இடத்தில் நிலத்தடியில் புதைந்துகிடக்கும் உப்புப் படலத்துக்குள் நல்ல தண்ணீர் புகுந்து கரைக்கிறது, மேல்தரை விழுகிறது. தபரிய்யா ஏரியை யஃஜூஜ் மஃஜூஜின் முன்வரிசை குடித்துத் தீர்க்கும் என்றும், பின்வரிசை வந்து இங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்ததே என்று பேசும் என்றும் ஹதீஸில் படித்திருக்கிறோம். படிக்கும்போது அவர்களை நினைத்து அஞ்சுகிறோம். நம் வரிசை எது என்று கேட்டுக்கொள்வதில்லை.

இனி, மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து. மிஞ்சிய நீரைத் தடுத்து வைக்கக்கூடாது என்பதும் ஸஹீஹான ஹதீஸ். ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவில், தரிசு நிலத்தில் கிணறு தோண்டியவனுக்கு அதைச் சுற்றி 'ஹரீம்' என்று ஒரு பாதுகாப்பு எல்லை கொடுக்கப்பட்டிருக்கிறது. கால்நடைகளுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு நாற்பது முழம். ஒட்டகம் கட்டி இறைக்கும் கிணற்றுக்கு இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரின் கூற்றுப்படி அறுபது முழம். ஊற்றுக்கு ஐந்நூறு முழம். அந்த எல்லைக்குள் வேறொருவன் வந்து தோண்டக்கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் முழக்கணக்கு இல்லை. தேவையும் பாதிப்பும்தான் அளவு.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஹரீமுக்கு வெளியே ஒருவன் தோண்டி, அதனால் முதல் கிணறு வற்றிவிட்டால் அவன்மீது நஷ்டஈடு இல்லை என்றும் அதே கிதாபில் இருக்கிறது. நிலத்தடி நீர் யாருக்கும் சொந்தமில்லை என்பது காரணம். இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, சட்டமே எங்கள் பக்கம் என்று சொல்பவர்கள் இருக்கக்கூடும். அந்த இமாம்கள் கண்டது கயிறும் வாளியும், ஒட்டகமும். நாற்பது முழத்துக்கு அப்பால் இறைத்தால் பக்கத்துக் கிணற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று அறிந்து எழுதினார்கள். இரவு பகலாக ஓடி ஊர் முழுவதின் நீர்மட்டத்தையே இறக்கும் மோட்டாரை அவர்கள் கண்டிருந்தால் எத்தனை முழம் எழுதியிருப்பார்கள்? பிறருக்குத் தீங்கு செய்தலும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்தலும் இல்லை என்ற நபிமொழியின் அடிப்படையில் இதை ஆய்ந்து சொல்ல வேண்டிய கடமை உலமாப் பெருமக்களுக்கு இருக்கிறது. நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. கேள்வியை அவர்கள் முன் வைக்கிறோம்.

வைப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற ஹதீஸை அனைவரும் அறிவோம். புகாரியில் இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில், அவன் மறுமையில் ஏழு பூமிகளுக்குக் கீழே புதைந்து போவான் என்று இருக்கிறது. காரூனுக்குச் சொல்லப்பட்ட அதே 'கஸ்ஃப்'. சுவனத்தின் நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவரான ஸயீத் இப்னு ஜைத் (ரலி) அவர்கள்மீது, தம் நிலத்தை எடுத்துக்கொண்டார் என்று அர்வா என்ற பெண் மதீனாவில் மர்வானிடம் வழக்குக் கொண்டுபோனார். ஸயீத் (ரலி) இந்த ஹதீஸையே சொல்லி, இதைக் கேட்ட பிறகுமா நான் எடுப்பேன் என்று வினவிவிட்டு, அவள் பொய் சொல்லியிருந்தால் கண்ணிழந்து அவள் நிலத்திலேயே மடியட்டும் என்று துஆச் செய்தார்கள். அப்பெண் கண்ணிழந்தார். சுவரைத் தடவித் தடவி நடந்தவர், ஒருநாள் தம் நிலத்தில் நடந்தபோது ஒரு பள்ளத்தில் விழுந்து இறந்தார் என்று முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அங்கே அது தண்டனையென்று சொல்ல ஸஹாபியின் துஆ இருக்கிறது; நம் காலத்துப் பள்ளங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதை மீண்டும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வேலிக்கு மேலே ஒரு சாணுக்கு இவ்வளவு என்றால், வேலிக்குக் கீழே அண்டை வீட்டானின் நீரை இழுப்பதற்கு எவ்வளவு என்று அஞ்சாமல் இருக்க முடியவில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் விடாமல் கேட்டுவந்த ஒரு துஆ உண்டு. முன்னாலும் பின்னாலும், வலத்திலும் இடத்திலும், மேலேயும் பாதுகாப்புக் கேட்டுவிட்டு, கடைசியாகக் காலடியிலிருந்து வாரிக்கொள்ளப்படுவதைவிட்டு அல்லாஹ்வின் மகத்துவத்தைக் கொண்டு காவல் தேடுவார்கள். அது பூமி விழுங்குவதைக் குறிக்கும் என்று அறிவிப்பாளர் வகீஉ (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். ஹிஸ்புகளில் இருப்பதுதான், தெரியாதவர்கள் தங்கள் இமாமிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

துஆக் கேட்ட அதே பெருமானார் ஒளுச் செய்தது ஒரு முத்து நீரில். குளித்தது ஒரு ஸாஉவிலிருந்து ஐந்து முத்து வரை. முத்து என்பது ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹனஃபி கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். சென்ற மாதம் நம் பள்ளியில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஹவுளை மூடிக் குழாய் வைத்து வருஷங்கள் ஆகின்றன. குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, பேசாமல், வழக்கம்போல் ஒளுச் செய்தோம். தலைக்கு மஸஹ் செய்யும்போது வாளி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. கால் கழுவுமுன் வழிந்தது. மிஸ்வாக் செய்தபோது திறந்து விட்டிருந்த குழாயை மூடவில்லை என்பது அப்போதுதான் நமக்கே தெரிந்தது. ஆற்றங்கரையிலும் வீண்விரயம் உண்டா என்ற கேள்விக்கு, ஓடும் ஆற்றில் இருந்தாலும் உண்டு என்று பதில் சொன்ன நபியின் உம்மத்து நாம்.

மோதினாரிடம் வாளியைக் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்த் தொட்டியடியில் இருந்த வால்வைப் பாதிக்கு மேல் திருகி அடைத்துவிட்டு வந்தார். அன்று அஸருக்கு வந்தவர்களில் நான்கு பேர், குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை, மோட்டாரைக் கவனியுங்கள் என்று அவரிடம் முறையிட்டார்கள்.